பச்சை விறகும் காய்ந்த விறகும்

நம் நாட்டின் வடக்கே இமயமலை இருக்கிறது. உத்தராகண்ட் மாநிலத்தின் பெரும்பகுதி அந்த மலையில்தான் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் அங்கே கடுங்குளிர். உயரமான ஊர்களில் பனி கொட்டும். மக்கள் வீட்டுக்குள் நெருப்பு மூட்டிக் குளிர் காய்வார்கள்.

2016-ஆம் ஆண்டு உஜ்வலா திட்டம் வந்தது. பல ஏழை வீடுகளுக்கு சமையல் எரிவாயு கிடைத்தது. ஆனால் குளிர் காய எரிவாயு கட்டுப்படியாகுமா? ஆகாது. அதற்கு இன்றும் விறகுதான். காட்டு விறகுக்குக் காசு இல்லை. ஆனால் உழைப்பு உண்டு. கவனமும் வேண்டும்.

ஓர் இரவு

மலைக் கிராமத்தில் ஒரு வீடு. மாமியார், மருமகள், மூன்று வயதுக் குழந்தை. மகனுக்கு வெளியூரில் வேலை. அந்த ஆண்டு மாமியாருக்கு முழங்கால் வலி. வயல் வேலை, மாட்டு வேலை எல்லாம் மருமகள் தலையில் விழுந்தது. விறகு சேர்க்க நேரம் இல்லை.

குளிர் வந்துவிட்டது. மருமகள் காட்டுக்கு ஓடினாள். பச்சைக் கிளைகளை வெட்டினாள். சுமை முதுகை அழுத்தியது.

இரவில் அந்த விறகு எரியவில்லை. முனையில் நுரை தள்ளியது. வீடு முழுவதும் புகை. குழந்தை இருமியது. மருமகள் தணலை மட்டும் ஓர் இரும்புச் சட்டியில் அள்ளினாள். படுக்கும் அறையில் வைத்தாள். கதவையும் ஜன்னலையும் இறுக மூடினாள்.

நடு இரவில் மாமியார் விழித்தார். தலை வெடிப்பது போல வலித்தது. குமட்டியது. மருமகளை உலுக்கினார். அவள் எழவில்லை. குழந்தையும் துவண்டு கிடந்தது. மாமியார் தவழ்ந்து போய்க் கதவைத் திறந்தார். கூச்சல் போட்டார். பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். இருவரையும் வெளிக்காற்றில் கிடத்தினார்கள். பிறகு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். இருவரும் பிழைத்தார்கள்.

"தணலில் புகையே இல்லையே, அத்தை!" என்று மருமகள் அழுதாள்.

அங்கிருந்த செவிலியர் விளக்கினார். "தணலில் இருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு வரும். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. மூடிய அறையில் அது சேரும். தூக்கத்திலேயே உயிரைக் கொல்லும்."

முன்கூட்டியே சேர்த்தார்கள்

பங்குனியில் பனி உருகியது. மருமகள் மற்றப் பெண்களோடு காட்டுக்குப் போனாள். கரடி, சிறுத்தை உள்ள காடு. தனியாகப் போகக் கூடாது.

அந்த ஊரில் வன பஞ்சாயத்து உண்டு. ஊர் மக்களே காட்டைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு அது. 1931-ஆம் ஆண்டிலேயே இதற்கு விதிகள் வந்தன. பெண்கள் அங்கே கேட்டுக்கொண்டு போனார்கள். பனியில் முறிந்த கிளைகளை எடுத்தார்கள். காய்ந்த சுள்ளிகளைப் பொறுக்கினார்கள். பச்சை மரத்தைத் தொடவில்லை.

"ஓக் மரம் நின்று எரியும். பைன் சீக்கிரம் எரிந்துவிடும். அதில் பிசின் உண்டு. கரும்புகை வரும். பைன் சிராய் நெருப்புப் பற்றவைக்க உதவும்" என்றார் மாமியார்.

1974 மார்ச் 26 அன்று, இதே மலையில் ரேணி கிராமத்தில், கௌரா தேவியும் மற்றப் பெண்களும் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்தார்கள். காடு போனால் விறகும் போகும், தண்ணீரும் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிளந்தார்கள், அடுக்கினார்கள்

10 கிலோ பச்சை விறகில் ஏறக்குறைய 4 அல்லது 5 கிலோ தண்ணீர்தான். அந்தத் தண்ணீரையும் நாம் சுமக்கிறோம். அது ஆவியாகவே சூட்டில் ஒரு பகுதி வீணாகிறது. அதனால்தான் புகை.

மருமகள் கட்டைகளை அடுப்பின் அளவுக்கு நறுக்கினாள். பருத்த கட்டைகளைக் கோடாலியால் பிளந்தாள். பிளந்த விறகு சீக்கிரம் காயும். தரையில் கற்களை வைத்து, அவற்றின் மேல் இடைவெளி விட்டு அடுக்கினாள். மழைக்கு முன் மேலே மட்டும் மூடினாள். பக்கங்களைத் திறந்தே விட்டாள். காற்று பட வேண்டும் அல்லவா?

விறகு காய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். காய்ந்ததை எப்படி அறிவது? எடை குறையும். முனையில் வெடிப்பு விழும். இரண்டு விறகைத் தட்டினால் கணீர் என்று ஒலிக்கும். ஈரம் இருந்தால் சத்தம் அமுங்கும்.

அடுத்த குளிர்காலம்

மார்கழி வந்தது. விறகு நன்றாக எரிந்தது. புகை குறைவு. காய்ந்த விறகிலும் நச்சு வாயு உண்டு. ஆகவே மருமகள் ஜன்னலைச் சிறிது திறந்து வைத்தாள்.

"குளிருமே, அம்மா" என்றார் மாமியார்.

"குளிரட்டும், அத்தை. கூடுதலாக ஒரு போர்வை போர்த்திக்கொள்வோம்" என்றாள் மருமகள்.

படுக்கும் முன் தணலை வெளியே கொண்டு போய் நீர் ஊற்றி அணைத்தாள். குழந்தை இருமாமல் தூங்கியது.

பதில் சொல்லுங்கள்

1. பச்சை விறகு ஏன் புகைகிறது?
2. தணலை வைத்து அறையை மூடினால் என்ன ஆகும்?
3. விறகு காய்ந்ததை எப்படி அறியலாம்?
4. உங்கள் வீட்டில் விறகை எங்கே, எப்படி அடுக்குகிறீர்கள்?