கண்ணுள் வைத்த வில்லை

மதுரை மாநகரிலிருந்து தேனிக்குச் செல்லும் பெருவழியில் மேற்கு நோக்கிச் சென்றால், நெடும்பாம்பு ஒன்று படுத்துறங்குவது போல நீண்டு கிடக்கும் நாகமலையைக் காணலாம். மதுரையை அழிக்க வந்த பாம்பே மலையாயிற்று என்பது பழங்கதை. அம்மலையடியில் அமைந்த ஊர் நாகமலை புதுக்கோட்டை. அவ்வூரைச் சூழ்ந்த சமவெளியில் வாழும் உழவரும் கூலியாளரும் நாளெல்லாம் வெயிலில் உழைப்பவர்கள். இத்தகைய மக்களை முதுமையில் வந்து பற்றும் கொடிய நோய்களுள் ஒன்று கண்புரை.

கண்ணின் பாவைக்குப் பின்னே பருப்புப் போன்ற வடிவில் ஒரு வில்லை உள்ளது. 'லென்ஸ்' என்னும் சொல்லே ஒரு வகைப் பருப்பின் இலத்தீன் பெயர்தான். பளிங்கு போல் தெளிந்திருக்க வேண்டிய அவ்வில்லை முதுமையில் மங்கி, ஒளியைத் தடுக்கிறது. இதுவே புரை. இதற்கு மருந்து இல்லை. மங்கிய வில்லையை அறுவையால் அகற்றுதலே வழி.

அகற்றிய பின் என் செய்வது? முற்காலத்தில் தடித்த கண்ணாடி ஒன்றை அணிவித்து அனுப்பினர். அதன் வழியே பார்த்தால் பொருள்கள் பெரிதாகத் தோன்றும். பக்கப் பார்வை குன்றும். படியிறங்கக் கால் தடுமாறும். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அம்முதியவர் மீண்டும் குருடரே. வயலில் குனிந்து நிமிரும் ஒருவர் அக்கண்ணாடியை எத்தனை நாள் காப்பாற்ற இயலும்?

இதற்கு மாற்றுக் கண்டவர் ஹரோல்டு ரிட்லி என்னும் ஆங்கில மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் முகப்பு நொறுங்கி, அதன் சில்லுகள் சில விமானிகளின் கண்ணுள் தைத்தன. அச்சில்லுகளால் கண்ணில் அழற்சி உண்டாகாமையை அவர் நோக்கினார். அதே வகைப் பிளாஸ்டிக்கால் வில்லை செய்து, 1949 ஆம் ஆண்டு இலண்டனில் நோயாளி ஒருவரின் கண்ணுள் வைத்தார். தொடக்கத்தில் மருத்துவ உலகம் அவரை எள்ளி நகையாடியது. எனினும் 1980களில் செல்வ நாடுகளில் இம்முறையே வழக்கமாயிற்று.

ஆனால் நாகமலையடிவாரத்து உழவர்க்கு அதனாற் பயன் யாது? வெளிநாட்டில் செய்த வில்லை ஒன்றின் விலை ஏறத்தாழ நூறு அமெரிக்க டாலர். அது கூலியாளர் ஒருவரின் பல மாத வருவாய்க்கு நிகர். அறிவு கண்டதை ஏழையின் கண்வரை கொண்டு சேர்ப்பது வேறொரு பெரும்பணி. அப்பணி மதுரையில் நடந்தது.

கோவிந்தப்ப வேங்கடசாமி 1918 ஆம் ஆண்டு, எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் உழவர் குடியிற் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் கற்று, படையில் மருத்துவராகச் சேர்ந்தார். கடுமையான மூட்டுவாதம் அவரைப் பற்றியது. விரல்கள் கோணி வளைந்தன. எழுதுகோலைப் பற்றுவதும் அரிதாயிற்று. அவ்விரல்களைக் கொண்டே கண்ணறுவை பழகினார் என்பது வியப்பினும் வியப்பு. தம் வாழ்நாளில் அவர் செய்த கண்ணறுவைகள் ஓர் இலட்சத்திற்கும் மேல்.

1956 முதல் இருபது ஆண்டுகள் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராயிருந்தார். சிற்றூர்தோறும் கண் முகாம்கள் நடத்தினார். 1976 ஆம் ஆண்டு ஓய்வு பெற்றதும், உடன்பிறந்தாரைத் துணைக்கொண்டு மதுரையில் பதினொரு படுக்கைகள் உள்ள சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். அதற்கு மகான் அரவிந்தரின் பெயரைச் சூட்டினார். வங்கிகள் கடன் கொடுக்க முன்வரவில்லை. வீட்டை அடகு வைத்துப் பொருள் திரட்டினார்.

இங்கு ஓர் ஐயம் எழும். ஏழைகட்குக் கட்டணமின்றி அறுவை செய்யும் மருத்துவமனை எவ்வாறு பிழைக்கும்? கொடையாளர் தருவர் என்றால், கொடை நின்ற நாளில் கதவும் மூடப்படும். வேங்கடசாமி வேறு வழி கண்டார். கொடுக்க இயன்றோர் கட்டணம் கொடுத்தனர். அக்கட்டணமும் பிற இடங்களில் பெறுவதினும் மிகுதியன்று. இயலாதோர் கொடாமலே சிகிச்சை பெற்றனர். யார் இயன்றவர், யார் இயலாதவர் என்று சான்று கேட்கப்படவில்லை, நோயாளியே தேர்ந்துகொண்டார். முன்னவர்க்குக் கட்டிலும் தனியறையும் உண்டு. பின்னவர்க்குப் பொதுக்கூடமும் பாயுமே உண்டு. ஆனால் இரு சாரார்க்கும் அறுவை செய்யும் மருத்துவர் ஒருவரே. முகாம்களிலிருந்து வருவோர்க்காக அரசு அளித்த உதவித்தொகையும் துணை செய்தது.

இக்கணக்கு ஈடேறியதற்கு மற்றொரு காரணம் வேலைமுறை. ஒரு மருத்துவர் முன் இரண்டு மேசைகள் இருக்கும். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளியைச் செவிலியர் ஆயத்தம் செய்வர். அச்செவிலியர் பெரும்பாலும் சிற்றூர்களிலிருந்து வந்து ஈராண்டுப் பயிற்சி பெற்ற இளம்பெண்கள். அவர்கள் இல்லையேல் இம்முறையே இல்லை எனலாம். இதனால் மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கு இரண்டாயிரம் அறுவை வரை செய்ய முடிந்தது. எண்ணிக்கை பெருகப் பெருக, ஒவ்வோர் அறுவைக்கும் ஆகும் செலவு குறைந்தது.

எனினும் வில்லையின் விலை மட்டும் குறையவில்லை. கட்டணம் கொடுத்தோர் கண்ணுள் வில்லை பெற்றனர். ஏழையர் பழைய தடித்த கண்ணாடியையே பெற்றனர். வெளிநாட்டார் கொடையாக அனுப்பிய வில்லைகள் தேவையில் சிறு பகுதிக்கும் போதா. இவ்வேற்றுமை வேங்கடசாமியின் உள்ளத்தை உறுத்தியது. வில்லையை இங்கேயே செய்தால் என்ன? ஏழை நாட்டில் இத்தகைய நுண்பொருளைத் தரம் குன்றாமல் செய்ய இயலாது என அறிஞர் பலர் எண்ணினர். அவர்கள் அஞ்சியதும் முற்றிலும் பிழையன்று. கண்ணுள் வைக்கும் பொருளில் ஒரு தூசியும் தீங்காகும்.

அமெரிக்காவின் சேவா அறநிறுவனமும், டேவிட் கிரீன் என்பாரும் தொழில்நுட்பம் பெறுவதற்குத் துணைநின்றனர். 1992 ஆம் ஆண்டு மதுரையில் 'அரோலேப்' என்னும் தொழிற்சாலை எழுந்தது. பொறியியல் அறிஞர் பாலகிருஷ்ணன் அதனை வளர்த்தார். கொடையாளர் உதவி தொடக்கத்திற்கே பயன்பட்டது. பின்னர்த் தொழிற்சாலை தன் விற்பனையைக் கொண்டே நின்றது. நூறு டாலர் விற்ற வில்லை ஏறத்தாழ பத்து டாலருக்குக் கிடைத்தது. பின்னர் விலை இன்னும் இறங்கியது. ஏழையின் கண்ணுள்ளும் வில்லை அமர்ந்தது. மதுரை வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகட்குச் சென்றன. தங்கள் வேலைமுறையையும் மதுரையார் மறைத்துவைக்கவில்லை; அதே 1992 ஆம் ஆண்டில் பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவி, பிற மருத்துவமனைகட்கும் பிற நாட்டார்க்கும் கற்பித்தனர்.

ஆயினும் ஒரு வினா எஞ்சியிருந்தது. அறுவைக்குக் காசில்லை என்று அறிவித்தும் பலர் வரவில்லை. காரணம் ஆராயப்பட்டது. பேருந்துக் கட்டணம், வழிச்சோறு, துணைக்கு வரும் மகனோ மகளோ இழக்கும் நாட்கூலி ஆகியவையெல்லாம் செலவன்றோ? ஆகவே முகாமிலிருந்து நோயாளிகளை ஊர்தியில் அழைத்துச் சென்று, உணவளித்து, ஊரிற் கொண்டுவிடும் வழக்கம் ஏற்பட்டது. பிறகும் கண்நோயுற்றோருள் நூற்றுக்கு ஏழு பேரே முகாமுக்கு வந்தனர் என 1990களின் இறுதியில் ஓர் ஆய்வு காட்டியது. முகாம் ஒரு நாள் வரும், போகும்; நோயோ நாள் பார்த்து வருவதில்லை.

ஆதலின் 2004 ஆம் ஆண்டு முதல் சிற்றூர்களில் நிலையான கண் பரிசோதனை மையங்கள் அமைக்கப்பட்டன. வேங்கடசாமி 2006 ஆம் ஆண்டு மறைந்தார். மையங்களோ நூற்றுக்கும் மேலாகப் பெருகின. அங்கே பயிற்சி பெற்ற பெண்ணொருவர் முதியவரின் கண்ணைக் கருவி கொண்டு சோதிக்கிறார். தொலைவிலுள்ள மருத்துவமனையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் கணினித்திரை வழியே அம்முதியவரோடு பேசுகிறார். கண்ணாடி போதுமெனில் அங்கேயே அது கிடைக்கிறது. அறுவை வேண்டியவர் மட்டுமே நகரத்துப் பேருந்தில் ஏறுகிறார்.