பழைய விடெக்கா, புதிய டர்போவா?

இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, நீண்ட பானெட் என்று படங்களில் பார்க்கிற ஸ்போர்ட்ஸ் கார், நடுத்தர வருமானக்காரர் கைக்கு எட்டும் விலையில் நம் நாட்டில் அநேகமாக வந்ததே இல்லை. அந்த இடத்தை நமக்கு நிரப்பியவை 1998-க்கும் 2003-க்கும் இடையில் வந்த சில பெட்ரோல் கார்கள். ஹோண்டா சிட்டி 1.5 விடெக், ஃபோர்டு ஐகான் 1.6, மிட்சுபிஷி லான்சர் 1.5, ஃபியட் பாலியோ 1.6. இவற்றில் இரண்டு, சித்தூர்க்காரர்களான நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். லான்சர் திருவள்ளூரில் தயாரானது, ஐகான் மறைமலை நகரில். கல்லூரி நாட்களில் இவற்றை ஏக்கத்தோடு பார்த்தவர்களுக்கு இன்று நாற்பது, நாற்பத்தைந்து வயது. கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. அன்று வாங்க முடியாததை இன்று தேடி வாங்கலாமா, இல்லை ஹூண்டாய் ஐ20 என் லைன், ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி போன்ற புதிய டர்போவுக்குப் போகலாமா என்ற கேள்வி சித்தூரிலும் திருப்பதியிலும் அடிக்கடி என் காதில் விழுகிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு இதுதான் ஒரே கார் என்றால் புதியதை வாங்குங்கள். அன்றாடத் தேவைக்கு வேறு வண்டி இருந்தால், தயங்காமல் பழையதைத் தேடுங்கள். நம் சாலைகளில் அது தரும் ஓட்டும் இன்பத்தைப் புதியது தராது.

எந்தச் சாலை என்று பார்க்காமல் கார் பேசுவதில் பொருளில்லை. திருமலைப் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1944-ல் திறந்த பழைய பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இன்று அது இறங்குவதற்கு மட்டும். ஏறுவதற்கு எழுபதுகளில் போட்ட இரண்டாவது பாதை. மலையடிவாரத்து அலிப்பிரியில் நேரம் குறித்த சீட்டு கொடுக்கிறார்கள். ஏறக் குறைந்தது இவ்வளவு நேரம், இறங்க அதைவிடக் கூடுதல் என்று வரம்பு இருக்கிறது. அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் அபராதம். ஆகவே 150 குதிரைத்திறன் கொண்ட விர்ட்டஸும் அதில் பாதி கொண்ட வண்டியும் ஒரே நேரத்தில்தான் மேலே போய் நிற்கும். அந்தப் பாதையில் மிச்சமிருக்கும் இன்பம் வேகத்தில் இல்லை. ஸ்டியரிங் கைக்குச் சொல்கிற செய்தி, சரியான வளைவில் சரியான கியர், சீராகக் கூடிக் குறைகிற இன்ஜின் சத்தம் ஆகியவற்றில்தான் இருக்கிறது.

பழைய கார்கள் ஜெயிப்பது இங்கேதான். விடெக்கும் ஐகானும் ஏறத்தாழ ஒரு டன் எடைதான். இன்றைய விர்ட்டஸ் 1,200 கிலோவைத் தாண்டும். எடை குறைந்தால் திருப்பத்தில் உடல் சாய்வது குறையும், பிரேக்குக்கு வேலை குறையும், நடுத்தர டயரே போதும். பழையவற்றில் ஸ்டியரிங்குக்கு உதவுவது ஹைட்ராலிக் ஆயில், புதியவற்றில் மின்மோட்டார். மோட்டார் உதவும் ஸ்டியரிங் நெரிசலில் சுகம், ஆனால் முன்சக்கரம் மணலை மிதித்ததா, தார் உருகிய இடத்தை மிதித்ததா என்று கைக்குத் தெரியவிடாது. விடெக் இன்ஜினின் 106 குதிரைகளும் 6,000 ஆர்பிஎம் தாண்டித்தான் முழுதாக வெளியே வரும். அங்கே போக இரண்டாவது கியரிலும் மூன்றாவது கியரிலும் காரை உழைக்கவைக்க வேண்டும். அந்த உழைப்பில் ஓட்டுநருக்கும் பங்கு உண்டு.

புதிய டர்போவில் கதை வேறு. ஐ20 என் லைனின் ஒரு லிட்டர் இன்ஜின் 120 பிஎஸ் தருகிறது; 172 நியூட்டன் மீட்டர் இழுவிசை 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். புத்தூர், நகரி வழியாகச் சென்னைக்குப் போகும்போது லாரியை முந்த கியர் மாற்றவே வேண்டாம். வேலைக்காக வாரம் இரண்டு முறை அந்தச் சாலையில் போகிறவருக்கு நான் விடெக்கைப் பரிந்துரைக்க மாட்டேன். களைப்பு முக்கியம். அதைவிட முக்கியம் உயிர். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனையான ஒவ்வொரு புதிய காரிலும் ஏபிஎஸ் கட்டாயம். ஏர்பேக், மோதல் சோதனை விதிகள் எல்லாம் அதையொட்டி வந்தவை. விர்ட்டஸ் 2023-ல் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. பழைய ஐகானிடமோ பாலியோவிடமோ இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. சித்தூரிலிருந்து பலமநேர் ஏறும் மொகிலி கணவாயில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து மோதிய விபத்துகள் எத்தனை என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு இரவில் பெங்களூரு போகிற கார் பழையதாக இருக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் பேசத் தயாரில்லை.

பழையது என்று முடிவெடுத்துவிட்டால், இன்ஜினைப் பார்த்து மயங்காதீர்கள். இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கலாம். துருப்பிடித்த பாடியைக் காப்பாற்றுவது கடினம், செலவும் கூடுதல். கடலோரச் சென்னையில் இருபது வருடம் நின்ற காரைவிட சித்தூர், வேலூர், பெங்களூரு வறண்ட காற்றில் நின்ற கார் எப்போதும் மேல். லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பாடியோடு சேரும் இடம், இந்த மூன்றும் சுத்தமாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பாடி மீது நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதில் பட்டி இருக்கிறது.

சென்னை வண்டியாக இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய எத்தனையோ கார்கள் துடைத்து, பாலிஷ் போட்டு மறுபடி சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். பெல்ட்டின் அடிப்பகுதியில் காய்ந்த சேற்றின் கோடு தெரிந்தால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். விற்பவர்கள் சீட்டை மாற்றுவார்கள், கார்ப்பெட்டை மாற்றுவார்கள், பெல்ட்டின் கடைசி இரண்டு அடியை மறந்துவிடுவார்கள்.

அடுத்தது வெப்பம். பழைய கார்களின் இன்ஜினில் இருக்க வேண்டிய தெர்மோஸ்டாட் வால்வைப் பல மெக்கானிக்குகள் கழற்றி எறிந்திருப்பார்கள், ‘ஹீட் ஆகாது சார்’ என்று. அது இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் குடிக்கும், உள்ளே தேய்மானம் கூடும். நல்ல ரேடியேட்டரும் சரியாகச் சுற்றும் ஃபேனும் சரியாகக் கலந்த கூலன்ட்டும் இருந்தால் வால்வோடு ஓடும் வண்டி ரேணிகுண்டா வெயிலிலும் ஹீட் ஆகாது. வாங்குமுன் ஏசியைப் போட்டு இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். அலிப்பிரி சோதனைச் சாவடி வரிசையில் அந்த வண்டி அப்படித்தான் நிற்கப் போகிறது. ஃபேன் ஓட வேண்டும். டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்க வேண்டும்.

பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பதில் வராது, நீங்களே மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். ஈரம் ஏறினால் தொடர்ந்து பிரேக் மிதித்து இறங்கும்போது கொதித்து, பெடல் பஞ்சாகிவிடும். மலையிறங்கும்போது இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவதும் ஆபத்து. இன்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கு உயிர் இல்லை.

நான்கில் எது என்றால், என் முதல் தேர்வு சிட்டி விடெக். ஹோண்டா இன்றும் நாட்டில் கார் விற்கிறது, இந்த இன்ஜினைத் தெரிந்த மெக்கானிக்குகள் சென்னையிலும் பெங்களூருவிலும் நிறைய. டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால் வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள். ஐகான் ஓட்டுவதற்கு இதைவிட இனிது என்பேன். அதன் சஸ்பென்ஷன் நம் சாலைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஆனால் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. சில பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளைத்தான் நம்ப வேண்டும். லான்சர் அழகு, கியர் மென்மை, ஆனால் பொறுமை வேண்டும். பாலியோ 1.6 நெடுஞ்சாலையில் கல்லைப்போல் உறுதியாக ஓடும். பாகம் தேட நேரமும் தெரிந்த ஆட்களும் இருப்பவர் மட்டும் வாங்கலாம். நம் ஊரின் வசதி, சென்னைப் புதுப்பேட்டையும் பெங்களூரு ஜே.சி. ரோடும் இரண்டும் ஒரு நாளில் போய் வரும் தூரம். பேட்டரிக்கு அதுவும் வேண்டாம்; அமரான் நம் மண்ணிலேயே தயாராகிறது.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களின் எரிபொருள் பாகங்கள் அதற்கேற்பச் செய்தவை. இருபது வருடக் காரின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் அப்படியல்ல. நாளடைவில் இறுகி வெடிக்கலாம், கசியலாம். வாங்கியதும் டாங்கிலிருந்து இன்ஜின் வரையுள்ள ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். வாரம் ஒரு முறையாவது நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள்.

காகிதங்களில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சென்னையில் மலிவாகக் கிடைத்தது என்று தமிழ்நாட்டு நம்பர் வண்டியை வாங்கி வந்து இங்கேயே வைத்துக்கொண்டால், 12 மாதத்துக்குள் ஆந்திரப் பதிவெண் வாங்க வேண்டும். அதற்கு அந்த ஊர் ஆர்டிஓ தரும் என்ஓசி, அதாவது படிவம் 28, வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வண்டியின் வயதைப் பொறுத்து இங்கே லைஃப் டாக்ஸ் தனி. என்ஓசி கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். சித்தூரின் ஏபி 03 வண்டியே கிடைத்தால், பெயர் மாற்றம் தவிர இந்த அலைச்சல் எதுவும் இல்லை. சில ஆயிரம் கூடக் கொடுத்தாலும் அது லாபம்.

டெல்லியில் நடப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வயதை மட்டும் காட்டிக் காரை ஓரங்கட்டும் தடை இங்கே கிடையாது. 15 வருடம் முடிந்ததும், பிறகு ஐந்தைந்து வருடத்துக்கும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். நாம் பேசுகிற கார்கள் அநேகமாக எல்லாம் அந்த வயதைத் தாண்டியவை. புதுப்பித்து முடித்த வண்டியாகத் தேடுங்கள்.

இன்ஷூரன்ஸிலும் ஒரு நுணுக்கம். மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியம் இன்ஜின் அளவைப் பொறுத்தது. 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. ஐகான் 1.6-க்கும் பாலியோ 1.6-க்கும் இந்தக் கடைசித் தொகை. விடெக் நடு வரிசையில் தப்பித்துக்கொள்ளும். ஐந்து வருடம் தாண்டிய காருக்குச் சொந்தச் சேதக் காப்பீட்டில் மதிப்பு என்பது நீங்களும் நிறுவனமும் பேசி முடிப்பது. பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னும் பழையதுமேல் ஆசை இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இப்போதும் எங்காவது கொட்டகையில் கிடைக்கும். பிரிட்டனின் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் கார் ஹெரால்டின் சேஸியிலிருந்து பிறந்ததுதான். 50 வயது நிறைந்து, மூல வடிவம் கெடாத வண்டிக்கு 2021 விதிகளின்படி ‘விஏ’ என்ற தனி வரிசையில் வின்டேஜ் பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அன்றாடம் ஓட்ட அனுமதியில்லை. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது என்று சில காரணங்களுக்கே தெருவுக்கு வரலாம்.

புதியதில் எது என்று கேட்டால் ஐ20 என் லைன், மேனுவல் கியர். நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருப்பதால் 2025 செப்டம்பரில் அதற்கான ஜிஎஸ்டி 18 விழுக்காடாகக் குறைந்தது, விர்ட்டஸுக்கு 40. விர்ட்டஸ் ஜிடி சந்தேகமில்லாமல் வேகமானது, பெங்களூரு நெடுஞ்சாலையில் அதற்கு ஈடு இல்லை. அந்த வேகத்துக்குக் கொடுக்கிற கூடுதல் லட்சங்களை நம் மாவட்டச் சாலைகள் திருப்பித் தருமா என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பழையதை வாங்கப் போகும்போது உங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கைக் கூட அழைத்துப் போங்கள், அவருடைய அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். கார் விலைக்குச் சமமாக இன்னொரு பங்குப் பணத்தை முதல் வருடச் செலவுக்கென்று தனியே எடுத்து வையுங்கள். அந்த இரண்டாம் பங்கு இல்லையென்றால் இந்த வருடம் வாங்காதீர்கள்.