சுண்டைக்காயும் சுமைகூலியும்

ஏரவாடாவிலிருந்து பண்டு கார்டன் பாலத்தின் வழியே ஆற்றைக் கடந்து சிவாஜிநகர்ப் பக்கம் செல்வோர், முளா ஆறும் முட்டா ஆறும் கூடுமிடத்தருகே புணே பொறியியற் கல்லூரியின் பழைய கட்டடங்களைக் கண்டிருப்பர். அக்கல்லூரி மாணவர்கள் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் உழைத்துச் செய்தது ‘சுவயம்’ என்னும் செயற்கைக்கோள். அதன் எடை ஒரு கிலோகிராம். நம் அறைகளில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டுச் சமையலுக்கு அளக்கும் அரிசியைவிடக் குறைவு! 2016 சூன் 22-ஆம் நாள் காலை ஸ்ரீஅரிக்கோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-34 என்னும் இராக்கெட்டு அதனை 500 கிலோமீட்டருக்கு மேல் உயர்த்திச் சென்றது. அதே ஊர்தியில் சென்னை சத்தியபாமா பல்கலைக்கழக மாணவர் செய்த ஒன்றரைக் கிலோக் கோளும் ஏறியிருந்தது. புணேயும் சென்னையும் ஒரே வண்டியில் போயின என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

ஆயினும் அந்த வண்டி அவர்களுக்காகப் புறப்பட்டதன்று. 727 கிலோ எடையுள்ள கார்ட்டோசாட்டு என்னும் நிலநோக்குக் கோளே அதன் உரிமையாளர். ஏனைய பத்தொன்பதும் ஒண்டுக்குடித்தனம்.

இச்செய்தியை மன்றக் கூட்டத்தில் சொன்னபோது முதலாண்டு மாணவர் ஒருவர் கேட்டார்: “அண்ணா, சின்னஞ்சிறு இராக்கெட்டு ஒன்று செய்து, அது மேலே போய்த் திரும்பி வந்து, மறுபடியும் போகுமானால் அதைவிட மலிவு வேறு உண்டோ?” கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. சிறியது மலிவு, மீண்டும் பயன்படுவது அதனினும் மலிவு. இரண்டையும் கூட்டினால் இருமடங்கு மலிவு ஆகவேண்டுமன்றோ? ஆகாது. ஏன் ஆகாது என்பதே இக்கட்டுரை.

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பார்கள். இராக்கெட்டுத் தொழில் முழுவதும் இப்பழமொழியில் அடங்கும். இஸ்ரோவின் எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ஊர்தி 120 டன் எடையுடன் எழுந்து 500 கிலோவை மேலே சேர்க்கிறது. அதாவது ஆயிரத்துக்கு நான்கு பங்கு. அமெரிக்காவின் பால்கன்-9 ஏறத்தாழ 549 டன் எடையுடன் எழுந்து, தன்னை மீட்காமல் விட்டுவிடுவதாயின் 22.8 டன் வரை சேர்க்கும். அது நூற்றுக்கு நான்கு. இவ்வளவு வேறுபாடும் உருவத்தால் மட்டும் வந்ததென்று சொன்னால் பிழையாகும். எஸ்.எஸ்.எல்.வி.யின் மூன்று பெரிய கட்டங்களும் திண்ம எரிபொருளால் ஆனவை. அதன் உந்துதிறன் திரவத்தைவிடக் குறைவு. ஆனால் உருவத்திற்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

ஓர் உருண்டையின் விட்டத்தை இருமடங்காக்குங்கள். காற்றை எதிர்க்கும் முகப்பு நான்கு மடங்காகும். உள்ளே அடங்கும் பொருளோ எட்டு மடங்காகும். ஆகவே பெரிய ஊர்தி தன் எடைக்குத்தக்க அளவில் காற்றுக்குக் கொடுக்கும் வரி குறைவு. அடுத்து, உள்ளே இருக்கும் கணிப்பொறி, திசைகாட்டும் சுழலி, மின்கலம், வானொலி ஆகியவற்றுக்குத் தாம் பெரிய ஊர்தியில் இருக்கிறோமா சிறியதில் இருக்கிறோமா என்று தெரியாது! ஊர்தி பத்தில் ஒன்றாகச் சுருங்கினாலும் அவை அவ்வாறு சுருங்குவதில்லை.

இப்போது மீட்சிக்கு வருவோம். முதற்கட்டம் எரிந்து முடிந்து மேற்கட்டத்தை விட்டுப் பிரிகிறது. அது நின்று இறங்கவேண்டுமாயின் கொஞ்சம் எரிபொருளைச் செலவிடாமல் மிச்சம் வைத்திருக்கவேண்டும். அணைத்த எஞ்சினை மறுபடி மூட்டவேண்டும். விசையைக் கூட்டிக் குறைக்கவேண்டும். கால்களும் துடுப்புகளும் வேண்டும். திண்ம எரிபொருளை ஒருமுறை மூட்டினால் எரிந்து தீரும்வரை விடாது, தீபாவளி வாணம்போல. ஆகவே எஸ்.எஸ்.எல்.வி. இந்த வழியில் இறங்குவது என்ற பேச்சே இல்லை. திரவ எஞ்சின் உடையதும் இவ்வளவையும் சுமந்துதான் திரும்பவேண்டும். பால்கன்-9 தன் முதற்கட்டத்தை மீட்காவிடில், தொலைவுச் சுற்றுப்பாதைக்கு மாறும் வழியில் 8.3 டன்னை விடும், மீட்டால் 5.5 டன்தான். மூன்றில் ஒரு பங்கு போயிற்று! பெரியவனுக்கு அது தாங்கும். இலாபமே ஆயிரத்துக்கு நான்காக இருக்கும் சிறியவன் எதிலிருந்து கொடுப்பான்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை. முறை மட்டுமே மெய். 100 மூட்டை ஏற்றும் ஊர்தியை ஒருமுறை ஏவி எறிந்துவிட 100 ரூபாய் ஆகிறதென்க. முதற்கட்டத்தின் விலை 60. மேற்கட்டமும் ஏவுகூலியும் 40. மீட்டுச் செப்பனிட ஒவ்வொரு முறையும் 10. மீட்பதனால் ஏற்றும் அளவு 70 மூட்டையாகக் குறைகிறது. மூட்டைக்கு ஒரு ரூபாய் என்னும் பழைய விலையேனும் நிற்கவேண்டுமாயின் ஒரு பறப்பின் செலவு 70-க்கு இறங்கவேண்டும். 40-உம் 10-உம் போக எஞ்சுவது 20. முதற்கட்டத்தின் 60-ஐ மூன்று பறப்புகளுக்குப் பங்கிட்டால் 20 வரும். மூன்றில் சமன்; நான்கிலிருந்து இலாபம். சிறிய ஊர்தியிலோ மீட்புச் சுமை தின்றது போக 45 மூட்டைதான் எஞ்சுகிறதென்று கொள்க. முதற்கட்டம் இலவசமாகவே கிடைத்தாலும் செலவு 50. நூறு முறை பறந்தாலும் கடை தேறாது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் முதலில் செய்தது பால்கன்-1 என்னும் சிறிய ஊர்தியையே. அதன் முதற்கட்டத்தைக் காற்றுக்குடையால் மீட்க எண்ணினர், முடியவில்லை. 2006 முதல் 2009 வரை ஐந்து முறை ஏவிவிட்டு அதனைக் கைவிட்டுப் பெரியதற்குப் போயினர். 2015 திசம்பரில் முதற்கட்டம் தரையில் நின்றது. 2017 மார்ச்சில் பறந்த கட்டமே மறுபடியும் பறந்தது. ராக்கெட் லேப் நிறுவனத்தின் எலெக்ட்ரான் 300 கிலோ ஏற்றும் சிறிய ஊர்தி. இங்கே காற்று சிறியவனுக்கு ஓர் உதவியும் செய்கிறது: இலேசான பொருள் இறங்கும்போது விரைவில் வேகம் தணியும், எரிபொருளை மிச்சம் வைக்காமல் குடை விரித்தே இறக்கலாம். 2022 மே மாதத்தில் குடையில் தொங்கி வந்ததை ஹெலிகாப்டரால் கொக்கியிட்டுப் பிடித்தனர். சுமை சரியாக அமையாததால் உடனே விட்டுவிட்டனர். பின்னர்க் கடலிலிருந்து எடுத்த கட்டங்களில் ஓர் எஞ்சினை 2023-இல் மீண்டும் பறக்கவிட்டனர். வீரச்செயல்தான், ஐயமில்லை. ஆயினும் மீளும் ஊர்தி என்று அவர்கள் அடுத்து வரைந்த நியூட்ரான், 13 டன் ஏற்றும் பெரிய ஊர்தி.

அப்படியாயின் சிறிய ஊர்தி வேண்டாவோ? வேண்டும்; ஆனால் மலிவுக்காக அன்று. ஏரவாடாவில் பேருந்துக்கு நின்றவர்க்கு இது விளங்கும். பேருந்தில் கட்டணம் சிறிது. ஆனால் அது புறப்படும்போதுதான் நாமும் புறப்படவேண்டும், அது போகும் வழியேதான் போகவேண்டும். ஆட்டோ ரிக்‌ஷாவில் காசு மிகுதி; வாசலில் இறங்கலாம். 2021 சனவரியில் ஒரே பால்கன்-9 இராக்கெட்டில் 143 கோள்கள் போயின. அதற்கு முன் 2017-இல் நம் பி.எஸ்.எல்.வி. 104 கோள்களை ஏற்றியது. இவை பேருந்துகள். குறித்த நாளில், குறித்த பாதையில், தனியே போகவேண்டிய கோளுக்கு எஸ்.எஸ்.எல்.வி. ஏற்றது. அதற்காகவே குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-இல் புதிய ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டினர். ஸ்ரீஅரிக்கோட்டாவிலிருந்து தெற்கே துருவப்பாதைக்குப் போகும் ஊர்தி இலங்கையைச் சுற்றி வளைந்து செல்லவேண்டும். பெரிய ஊர்திக்கு அவ்வளைவு ஒரு தொல்லை; சிறியதற்கோ சுமையில் பெரும்பகுதியே போய்விடும். தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையிலிருந்து நேரே தெற்கு நோக்கினால் கடலன்றி வேறில்லை.

ஆட்டோவும் கவிழ்வதுண்டு என்பதை மறைக்கலாகாது. 2022 ஆகத்து 7-ஆம் நாள் எஸ்.எஸ்.எல்.வி.யின் முதற்பறப்பில் நாடெங்கும் பள்ளி மாணவியர் செய்த 75 கருவிகளைத் தாங்கிய ஆசாதிசாட்டு இருந்தது. இரண்டாங்கட்டம் பிரியும்போது எழுந்த அதிர்வைக் கண்டு, உணரிகள் கெட்டன என்று கணிப்பொறி தவறாக முடிவுகட்டிற்று. 356 கிலோமீட்டரில் வட்டமிடவேண்டிய கோள்கள் ஒருபுறம் 76 கிலோமீட்டர்வரை தாழும் பாதையில் விடப்பட்டுக் காற்றில் அழிந்தன. 2023 பிப்ரவரியில் இரண்டாம் பறப்பு அதே பெயருடைய மற்றொரு கோளை ஒழுங்காகச் சேர்த்தது.

இனிப் பெரியதைப் பற்றி. 2024 நவம்பரில் 4,700 கிலோ எடையுள்ள நம் ஜிசாட்-20 பால்கன்-9 இராக்கெட்டில் அமெரிக்காவிலிருந்து போயிற்று. அன்றைய நம் எல்.வி.எம். 3 அப்பாதைக்கு ஏறத்தாழ 4 டன்னுக்கே அமைந்தது. (2025 நவம்பரில் அதுவே 4,410 கிலோவை ஏற்றியது பாராட்டுக்குரியது.) அதற்குச் சில வாரங்கள் முன், 2024 செப்டம்பரில், அடுத்த தலைமுறை ஊர்திக்கு மத்திய அமைச்சரவை 8,240 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. தாழ்ந்த பாதைக்கு 30 டன் வரை, முதற்கட்டம் மீளும், 96 மாதங்களில் மூன்று சோதனைப் பறப்புகள். சித்திரதுர்க்கத்தில் 2023-இலும் 2024-இலும் மும்முறை தரையிறங்கிய ‘புஷ்பக்’ இறக்கை ஊர்தி இதனின் வேறான வழி; அதனை இங்கே விரிக்கவில்லை.

பெரியதை மீட்பதே சரி என்று மேலே கண்டோம். ஆனால் என் மனத்தில் நிற்கும் ஐயம் வேறு. கணக்கில் மூன்று பறப்பில் சமன் என்றோம். பத்தாவது வேண்டும் என்று வாதிடும் நிபுணரும் உளர். பால்கன்-9 2024-இல் மட்டும் 130 முறைக்கு மேல் எழுந்தது. அவற்றுள் பெரும்பாலானவை அந்நிறுவனத்தின் சொந்தச் செய்தித்தொடர்புக் கோள்களையே சுமந்தன. வண்டியும் அவர்களுடையது, சரக்கும் அவர்களுடையது. நாமோ எல்லா வகை ஊர்திகளையும் சேர்த்தும் 2025 வரை ஓராண்டில் ஏழு ஏவுதல்களுக்கு மேல் கண்டதில்லை. ஆண்டுக்கு இரண்டுமுறை எழும் ஊர்திக்கு மீட்சி எதற்கு? முதற்கட்டம் கொட்டகையில் தூங்கும். அதனைச் செய்யும் தொழிற்சாலையும் தூங்கும். இரண்டின் சம்பளமும் தூங்காது. விண்வெளி நிலையமும் நிலவுப் பயணமும் சரக்குத் தரும் என்கிறார்கள். 30 டன் என்பது ‘சுவயம்’ போன்ற முப்பதாயிரம் கோள்களின் எடை. அவ்வளவு சரக்கை ஆண்டுதோறும் யார் செய்வது என்பதற்கு அந்த 8,240 கோடியில் விடையில்லை. அது இன்று கல்லூரிகளில் இருப்பவர்களின் கையில் இருக்கிறது.

கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு சொல்: உம் கோள் ஒரு கிலோவாயின், பெரிய வண்டியில் ஓர் இடம் கேட்டு இப்போதே எழுதிப் போடும். குலசேகரன்பட்டினத்துத் தெற்கு வழியை அடுத்த இதழில் வரைபடத்துடன் காண்போம்.