அளவை அறிதலும் தராசுப் பரீட்சையும்

தாம் விளைவித்த பண்டத்திற்கு நியாயமான கிரயம் பெற விரும்பும் அங்கத்தினர்கள், விலையை அறிவது மாத்திரம் போதாது. அளவையையும் அறிதல் வேண்டும்.

முற்காலத்தில் படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. குவித்தளப்போரும் தலைவழித்தளப்போரும் இருந்தமையால் வழக்குகள் விளைந்தன. இக்குறை நீங்கும்பொருட்டு, 1956-ம் வருஷத்துச் சட்டத்தினால் இந்தியாவில் மெட்ரிக் அளவைகள் விதிக்கப்பட்டன. 1,000 கிராம் ஒரு கிலோகிராம். 100 கிலோகிராம் ஒரு குவிண்டால். 10 குவிண்டால் ஒரு டன். பழைய வீசை ஏறக்குறைய 1.4 கிலோகிராமாகும்.

லிட்டர் கொள்ளளவைக் குறிக்கும். கிலோகிராம் நிறையைக் குறிக்கும். ஒரு லிட்டர் ஜலம் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் நிறுக்கும். கடலையெண்ணெயோ சுமார் 910 கிராமே நிறுக்கும். ஆகையால் கிலோகிராம் விலைக்கு லிட்டர் எண்ணெய் வாங்குவோர் சுமார் 90 கிராம் இழப்பர்.

இனி, தராசைப் பரீட்சிக்கும் விதமாவது:

1. வெறுந்தட்டுகள் சமமாக நிற்கின்றனவா என்று பார்க்க.
2. ஒரு தட்டில் பண்டமும் மற்றதில் எடைக்கல்லும் வைத்து முள்ளை நேராக்குக.
3. இரண்டையும் தட்டு மாற்றி வைக்க. முள் சாயுமாயின், கோலின் இரு கைகளும் நீளத்தில் ஒவ்வாதவை.

வெறுந்தட்டுகள் சமமாக நிற்பது மாத்திரம் சாட்சியாகாது. ஒரு தட்டைக் கனமாக்கி இக்குற்றத்தை மறைக்கலாம். கைகளில் ஐம்பதிலொரு பங்கு பேதமிருப்பின், குவிண்டாலுக்கு 2 கிலோகிராம் நஷ்டம். 50 குவிண்டால் நெல் விற்பவர் ஒரு குவிண்டாலை இனாமாகக் கொடுத்தவராவார்.

மின்தராசாயின், வெறுந்தட்டில் பூஜ்யம் காட்டுகின்றதா, முத்திரைக்கல்லை வைத்தால் அதன் எடையையே காட்டுகின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

ஆதலின், சங்கங்கள் முத்திரையிட்ட எடைக்கற்களை வைத்துக்கொண்டு, கொள்முதலுக்கு முன் அங்கத்தினர் எதிரிலேயே தராசைப் பரீட்சித்தல் நலம்.