ஆதிப்புள்ளியும் பெரிய வாய்க்காலும்



புதுச்சேரியிலேயே கணித உபாத்தியாயராக அமர்ந்துவிட்டதாகவும், அடுத்த வாரம் இடப்பெயர்வுப் பாடத்தைத் தொடங்க வேண்டியிருப்பதாகவும், கரும்பலகையில் முதலில் எதை எழுதுவதென்று விளங்கவில்லை என்றும் நீ எழுதிய கடிதம் கிடைத்தது. முதல் நாள் ஒன்றும் எழுதாதே. பிள்ளைகளை நேரு வீதியின் கீழ்க்கோடிக்கு, அது பெரிய வாய்க்காலைத் தொடும் இடத்துக்கு, அழைத்துப் போ.

1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய நகரத்தை 1765இல் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர், நேர்வீதிகளாகவே அதை மீண்டும் எழுப்பியதால், கடலோரத்துக்கு இணையாகச் செல்லும் தெருக்களும் கடலை நோக்கிச் செல்லும் தெருக்களும் ஏறக்குறையச் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் இவ்வூரைவிட மேலான வரைபடத்தாள் உனக்கு எங்கே கிடைக்கும்? ஆயமுறைக்கு அடிகோலிய நூலை 1637இல் வெளியிட்ட தெகார்த்தும் பிரெஞ்சுக்காரர்தாம். ஆனால் அது தற்செயல், அதைப் பெரிதாக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வாய்க்கால் செங்குத்து அச்சு, நேரு வீதி கிடை அச்சு, இரண்டும் சந்திக்கும் இடம் ஆதிப்புள்ளி. கடற்கரைப் பக்கம் மிகை, மிஷன் வீதிப் பக்கம் குறை. வகுப்புக்குத் திரும்பியபின், (1, 1), (4, 1), (1, 3) என்னும் முக்கோணத்தை ஐந்து கட்டம் மேற்கேயும் இரண்டு கட்டம் வடக்கேயும் நகர்த்தச் சொல். (−4, 3), (−1, 3), (−4, 5) என்று வர வேண்டும். ஏதேனும் ஒரு பிள்ளை வாய்க்காலைக் கடக்கையில் குறியைத் தண்ணீரில் நழுவவிட்டு முதல் முனையை (4, 3) என்று எழுதும். உடனே திருத்தாதே, வரையச் சொல். மூன்று கட்டமாயிருந்த அடி ஐந்து கட்டமாக நீண்டு, செங்கோணமும் காணாமற் போயிருப்பதை அது தானே கண்டு திடுக்கிடட்டும். எல்லா முனைகளுக்கும் ஒரே ஆணை என்பது அப்போதுதான் அதற்கு உறைக்கும்.

இடப்பெயர்வைக் குறிக்கும் ‘ட்ரான்ஸ்லேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்ப்பென்று மயங்கும் பிள்ளையும் உண்டு. பிரெஞ்சு வழியில் படித்த தாத்தா வீட்டிலிருந்தால் அந்த மயக்கம் இராது, ஏனெனில் அம்மொழியில் மொழிபெயர்ப்புக்கு வேறு சொல்.

இனி, நானே இழைத்த குற்றம் ஒன்று. ஒய் = எக்ஸ் வர்க்கம் என்னும் பரவளையத்தை மூன்று கட்டம் வலப்புறம் நகர்த்தினால், சமன்பாடு ஒய் = (எக்ஸ் − 3) வர்க்கம் ஆகிறது. ‘புள்ளிக்கு மூன்றைக் கூட்டினோமே, சமன்பாட்டில் மட்டும் ஏன் கழிக்கிறோம்?’ என்று ஒரு பையன் கேட்டான். அடைப்புக்குள் குறி தலைகீழாகும் என்று மந்திரம்போல் உச்சரித்துவந்த நான், அவனை அதட்டி உட்காரவைத்துவிட்டேன். காரணம் எனக்குத் தெளிவாக வெகுகாலம் பிடித்தது. (5, 4) என்ற புள்ளி புதிய வளைவைச் சேர்ந்ததுதானா என்று அறிய வேண்டுமானால், அது எங்கிருந்து வந்ததென்று விசாரிக்க வேண்டும். மூன்று கட்டம் பின்னே அனுப்பினால் (2, 4). இரண்டின் வர்க்கம் நான்கு, ஆகவே அது பழைய வளைவின் பிரஜைதான். அந்தக் கழித்தல் குறி, வந்த வழியே திரும்பிப் போகும் பிரயாணம்.

உன் வகுப்பில் அந்தக் கேள்வி எழுமானால், கேட்டவனை உட்காரச் சொல்லாதே, தம்பி. சுண்ணக்கட்டியை அவன் கையில் கொடு.