முன்சைட்டின் இருபுறமும் எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிச் சுற்றில், 22 ஷாட்களுக்குப் பிறகு மனு பாக்கர் 221.7 புள்ளிகளோடு வெண்கலத்தில் நின்றார். அடுத்த இடத்துக்கும் அவருக்கும் இடைவெளி 0.1 புள்ளி. இலக்கு அட்டையில் அதன் அளவு 0.8 மி.மீ. குறிபார்க்கும் முன், பின் சைட்களுக்கு இடையே 350 மி.மீ. உள்ள பிஸ்டலில், முன்சைட் 0.03 மி.மீ. விலகினாலே பெல்லட் அவ்வளவு தள்ளி விழும். அது ஒரு தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. சைட்கள் ஒழுங்காக நிற்க, கை மட்டும் மொத்தமாக 0.8 மி.மீ. நகர்ந்தால் விலகலும் அதே 0.8 மி.மீ.தான். பிஸ்டல் சைட் தேர்வின் அடிப்படை இந்த வேறுபாடுதான். நம் கண் எந்த ஏற்பாட்டில் விலகலைச் சட்டென்று காண்கிறதோ, அதுவே நமக்கான சைட்.

மும்பை வொர்லியிலுள்ள மகாராஷ்டிரா ரைஃபிள் அசோசியேஷன் ரேஞ்சுக்குத் தாராவியிலிருந்தோ மாட்டுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ புதிதாகப் போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, முன்சைட் பிளேடுக்கும் பின்சைட்டின் வெட்டான நாட்சுக்கும் நடுவே தெரியும் வெளிச்சக் கீற்றுகள். பிளேடு பொதுவாக 4, 4.5, 5 மி.மீ. அகலங்களில் கிடைக்கும். கண்ணிலிருந்து முன்சைட் ஒரு மீட்டரும் பின்சைட் 65 செ.மீ.யும் தள்ளியிருந்தால், 4.5 மி.மீ. பிளேடு நாட்சுக்குள் சுமார் 2.9 மி.மீ. அகலமாகத் தெரியும். நாட்ச் 4 மி.மீ. என்றால் இருபுறமும் அரை மி.மீ.க்குச் சற்று மேல் வெளிச்சம் மிஞ்சும். கை நீளமானவருக்கு அதே சைட்டில் கீற்று குறுகும். அடுத்தவரின் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

கீற்று எவ்வளவு மெலிதோ அவ்வளவு துல்லியம் என்று வாதிடுவோர் உண்டு. காகிதக் கணக்கில் அது சரிதான். ஆனால் பார்வையை முன்சைட்டில் நிறுத்தும்போது பின்சைட்டின் விளிம்பு மங்கும்; அந்த மங்கல் மெலிந்த கீற்றை விழுங்கிவிடும். பிறகு கண் தேடத் தொடங்கும், டிரிகர் தாமதமாகும், கை சோரும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு இந்தச் சிக்கல் இன்னும் முன்னதாகவே வரும். பிஸ்டலில் லென்ஸ் பொருத்தப் போட்டி விதி இடம் தராது, கண்ணாடி அணியலாம். கண்ணுக்குத் தெரியும் பிளேடு அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஒவ்வொரு பக்கமும் வெளிச்சம் விட்டுத் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். குறுக்கவேண்டுமானால் பிறகு மெல்லக் குறுக்கலாம்.

சைட் இடைவெளியை நீட்டினால் நல்லது என்பதும் பாதி உண்மை. பிழையை அது பெரிதாக்கிக் காட்டும். புதியவர் அந்த ஆட்டத்தைக் கண்டு பதறி டிரிகரை வெடுக்கென்று இழுப்பார். நீளத்தோடு முன்பாரமும் கூடினால் மெலிந்த மணிக்கட்டு களைத்துவிடும். ஒளிரும் புள்ளி வைத்த சைட்கள் விரைவுச் சுடுதலுக்கு உதவலாம், அட்டையில் புள்ளி சேர்க்கக் கறுத்த பிளேடின் கூர்மையான மேல்விளிம்பே வேண்டும். அது பளபளத்தால் கற்பூரப் புகை காட்டிக் கறுப்பாக்குவது துப்பாக்கிக்காரர்களின் பழைய வழக்கம்.

அட்டையின் கறுப்பு வட்டம் 59.5 மி.மீ. பிளேடை அதன் நடுவில் வைத்தால் கறுப்பும் கறுப்பும் ஒட்டி விளிம்பு தொலையும். வட்டத்துக்குக் கீழே வெள்ளைப் பட்டை விட்டுக் குறிபார்ப்பதே மேல். பட்டையின் அளவு ஷாட்டுக்கு ஷாட் மாறுமே என்பார்கள். மாறட்டும். பட்டை 3 மி.மீ. கூடினால் பெல்லட்டும் 3 மி.மீ.தான் நகரும், சைட் 0.3 மி.மீ. பிசகினால் 8 மி.மீ.க்கு மேல் போய்விடும். தாராவியின் சிறு வீடுகளில் 10 மீட்டருக்கு வழியில்லை, ஆனாலும் பெல்லட் இல்லாத பிஸ்டலை வெற்று வெள்ளைச் சுவரை நோக்கி நீட்டி, கீற்றுகள் கலையாமல் டிரிகர் இழுத்துப் பழகலாம். உண்மையில் இந்தப் பயிற்சிக்கு அட்டை இல்லாததே நல்லது, இருந்தால் கண்ணை அது முன்சைட்டிலிருந்து பறித்துக்கொள்ளும்.

பின்சைட்டின் திருகை ஒரே ஒரு ஷாட்டுக்காகத் தொடாதீர்கள். ஐந்து சுட்டு, அவற்றின் நடுவைப் பாருங்கள். பெல்லட் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்சைட்டை நகர்த்த வேண்டும். பல ஜெர்மன் பிஸ்டல்களில் திருகிலுள்ள எழுத்து, பெல்லட் ஏற்கெனவே எங்கே விழுந்தது என்பதைக் குறிக்கும், எங்கே போகும் என்பதை அல்ல. கையேட்டைப் பார்த்துவிட்டுத் திருகுங்கள். கிளப் பிஸ்டல் என்றால் எத்தனை கிளிக் திருப்பினீர்கள் என்று எழுதிவைத்து, போகும்போது திருப்பி வைத்துவிடுங்கள். அடுத்து அதை எடுப்பவருக்குக் கை நீளமும் கண்ணும் வேறு.