வேடம் பூணும் இணைய விளையாட்டுகளும் வயது வந்தோரும்

விளையாட்டு என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனத்தில் தோன்றுவோர் சிறுவரே. ஆயினும், இணையத்தின் வழியே பலர் கூடி, ஆளுக்கொரு வேடம் பூண்டு, கற்பனை நாடொன்றில் உலவும் ஆட்டங்களில் நெடும்பொழுது கழிப்போருள் உத்தியோகமும் குடும்பமும் உடையோர் பலர். பகலெல்லாம் உழைத்தவர் இரவிலும் உழைப்பையொத்த ஓர் ஆட்டத்தை நாடுவானேன்?

இவ்வாட்டங்களின் மூதாதை 'மட்' எனப்படுவது. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலை மாணவர் ராய் டிரப்ஷா 1978-இல் அதனை இயற்றத் தொடங்கினார். உடன் பயின்ற ரிச்சர்ட் பார்ட்டில் அதனை வளர்த்தார். அதிற் படம் ஒன்றுமில்லை, எழுத்தே யாவும். குகையின் வருணனையைத் திரையிற் படித்து, வடக்கே செல்வதாயின் அங்ஙனமே தட்டெழுதல் வேண்டும். பிறந்த குடியையும் பேச்சின் சாயலையும் கொண்டு மனிதரை நிறுக்கும் தம் நாட்டு வழக்கத்தில் வெறுப்புற்றே, செயல் ஒன்றே அளவுகோலாகும் உலகை விரும்பியதாகப் பார்ட்டில் பிற்காலத்திற் கூறியுள்ளார். வயது வந்தோர் உள்ளத்தை ஈர்க்கும் பொருள் இதுவேயென்பது என் துணிபு.

அவரே 1996-இல் வரைந்த கட்டுரையொன்றில் ஆடுவோரைச் சீட்டின் நான்கு இனங்களாகப் பகுத்தார். பொருளும் பட்டமும் ஈட்டுவோர் டைமன். மறைந்தவற்றைத் தோண்டித் துருவுவோர் இஸ்பேட். அளவளாவ வருவோர் ஆட்டின். பிறரை வதைத்து மகிழ்வோர் கிளாவர். பகுப்பு அழகியதே. ஆனால் டைமனாகப் புகுந்து ஆட்டினாகத் தங்கிவிடுவோரும் உண்டன்றோ?

தங்குவதற்குக் காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே உளது. 2004-இல் வெளிவந்த 'வோர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்பதனை எடுத்துக்கொள்வோம். 2010-இல் அதற்குச் சந்தா செலுத்தினோர் ஒரு கோடியே இருபது லட்சம் பேர். அதன் தொடக்க காலத்துப் பெரும் போர்களுக்கு நாற்பதின்மர் வரை ஒரே வேளையிற் கூடுதல் வேண்டும். சிலர் பகைவனின் அடியைத் தாங்குவர், சிலர் காயமாற்றுவர், ஏனையோர் தாக்குவர். காயமாற்றுவோர் வாராதொழியின் படை மடியும். 'நீ இன்றி இயலாது' என்னும் சொல்லை அலுவலகத்திற் கேளாதவர் அங்கே கேட்கிறார்.

இவ்வின்பமே தளையாதலும் உண்டு. உறக்கமும் இல்லறமும் கெட ஆடுவோர் உளர். ஆட்டத்தை அடக்கியாள இயலாமையை நோய்களின் வரிசையில் உலகச் சுகாதார ஸ்தாபனம் 2019-இற் சேர்த்தது. 2022 முதல் அவ்வரிசை நடைமுறையில் உள்ளது. எனினும் மணிக்கணக்கை மட்டும் எண்ணி ஒருவரைத் தீர்ப்பிடுதல் தகாது.

நார்வே நாட்டு மாட்ஸ் ஸ்டீன் என்பார் தசைகள் நாளடைவில் நலியும் கொடுநோயால் சக்கர நாற்காலியிலே வாழ்ந்து, 2014-இல் தம் இருபத்தைந்தாம் வயதில் மறைந்தார். தம் மகன் நட்பறியாது தனித்தே மாண்டானென்று பெற்றோர் புலம்பினர். மறைவுச் செய்தியை அவர்கள் இணையத்தில் அறிவிக்கவே, முன்பின் அறியாதார் பலரிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. வார்கிராஃப்ட் உலகில் அவர் 'ஐபலின்' என்னும் பெயர் பூண்ட வீரர். அங்கே பலருக்குத் துயரத்தில் தோள் கொடுத்தவர். அவருடைய குழுவினருட் சிலர் அயல்நாடுகளினின்று அடக்க ஆராதனைக்கு வந்து நின்றனர். அவர் வரலாறு 2024-இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. நடக்கவியலாத அவர், ஆட்டத்தில் நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுவது வழக்கமாம். அவர் நினைவாக அக்குழுவினர் அங்கே கூடி ஓடியிருக்கின்றனர்.